ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் கூறைச்சேலை

லொறி வரும் இரைச்சல் கேட்டதும் வள்ளிநாயகி ஓரத்துக்கு ஒதுங்கவில்லை. நடுறோட்டுக்குப் போய் நின்றாள்.

உடம்பில் சிவப்புக் கூறைச்சேலை. கல்யாணத்தன்று உடுத்தது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

மைம்மல் பொழுது. ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. கப்பல் பழுதுபார்க்கிற டொக்யாட்டில் வேலை முடிந்த சனம் நடந்தும், சைக்கிளை உருட்டியும், வேலியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சைக்கிளில் ஏறி ஓட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அவளை அந்தக் கோலத்தில் கண்டதும் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார்கள்.

சண்டைக் கப்பல்கள் துறைமுகத்தில் வந்து குவிந்த நாளோடு இந்த றோட்டு ஊர்ச்சனத்தின் கையை விட்டுப் போயிருந்தது. சீனன்குடாவுக்கும் டொக்யாட்டுக்கும் நடுவே பட்டாள லொறிகள் பேய் பிடித்தது போல ஓடின. ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு முன்விளக்குகளுக்குக் கறுப்புப் பூசினார்கள். விளக்குத்தான் மங்கியதே தவிர, வேகம் இம்மியும் குறையவில்லை. சைக்கிளில் மீன் விற்ற முஹம்மது தம்பிக்கு ஒரு கால் போனது இந்த இறக்கத்தில்தான்.

அப்போது வள்ளிநாயகிதான் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கிப் பெட்டிசம் அனுப்பினாள். இறக்கத்தில் லொறி மெல்லப் போகட்டும். நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் ஓரத்தில் ஒரு பாதை விடட்டும். கேட்டது அவ்வளவுதான். வானத்தையா கேட்டார்கள்?

மேலிடத்திலிருந்து பதில் வந்தது. ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வீரசிங்கம் அதைச் சந்தியில் நின்று உரத்து வாசித்தார். பொழுதுபட்ட பிறகு றோட்டில் இறங்குகிற எல்லோரும் வெள்ளை உடுத்த வேண்டுமாம். அப்போதுதான் லொறிக்காரரின் கண்ணுக்குத் தெரியுமாம்.

நல்ல கதை! இடிக்கிறவனுக்கு ஒரு சொல் இல்லை. இடிபடுகிறவன் போய் உடுப்பை மாற்ற வேண்டும்.

ஆனாலும் சனம் கேட்டது. உயிர்ப்பயம், வேறு என்ன செய்வது? ஆண்கள் வெள்ளை வேட்டியைத் தேடி எடுத்தார்கள். சைக்கிள்களின் பின்சில்லு மூடிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பெண்கள்தான் முணுமுணுத்தார்கள். வாழ்கிற பெண் வெள்ளைச் சேலை உடுத்தித் தெருவில் போவதா? எந்த ஊர்ச் சட்டம் இது?

இன்று பின்னேரம் வள்ளிநாயகி அலுமாரியைத் திறந்து கூறையை எடுத்தபோது மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“வெள்ளையை உடு பிள்ளை, உன்னைக் கும்பிட்டன். ஊர் என்ன சொல்லும்?”

ஊர் சொல்லட்டும். வெள்ளையைக் கண்டாலே வள்ளிநாயகிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. மாமியைத் தாண்டிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

லொறி கிறீச்சிட்டு நின்றது. அவளுக்கும் அதன் மூக்குக்கும் நடுவே ஓர் ஆள் படுக்க இடம் இருந்தது, அவ்வளவுதான். வெள்ளைக்காரச் சிப்பாய் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். என்ன சொன்னான் என்பது அவளுக்கு விளங்கவில்லை. நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் விளங்கியது.

 

லொறிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். டொக்யாட் பக்கமாக, றோட்டின் நட்டநடுவில், கோயில் வீதி சுற்றுகிறவளைப் போல ஆற அமர நடந்தாள்.

சிப்பாய் ஹோர்னை விடாமல் அமத்தினான். அவள் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. விலத்திக்கொண்டு போகப் பார்த்தான். வேலியோரத்தில் நின்ற அயல்வீட்டு ரபீக்கா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு றோட்டில் இறங்கி அவள் பக்கத்தில் வந்துவிட்டாள். மற்றப் பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். பிறகு ஒருவன் சைக்கிளில் ஏறி மணியை அடித்தான். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் ரோசம் வந்துவிட்டது. இறக்கம் முழுக்க ஒரே மணிச்சத்தம்.

லொறிக்கு வேறு வழி இல்லை. முனகிக்கொண்டு அவர்கள் பின்னால் ஊர்ந்தது.

செய்தி கேட்டு விதானையார் இரைக்க இரைக்க ஓடி வந்தார். தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை இழுத்து அவளிடம் நீட்டினார்.

“உனக்கென்ன விசரோ? நீ உடுக்கிற உடுப்போ பிள்ளை இது? இந்தா, இதையாவது போர்த்துக்கொள். சட்டத்துக்கும் சரி, ஊருக்கும் சரி.”

வள்ளிநாயகி நின்றாள். மணிகள் ஒவ்வொன்றாக அடங்கின. சால்வையைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

“அண்டைக்கு நீங்கள் வாசிச்சதைக் கேட்டு, என்ர மனுசன் வேட்டி, சட்டை, சால்வை எல்லாம் வெள்ளையாத்தான் உடுத்துக்கொண்டு சைக்கிளில வந்தவர், விதானையார். இந்த இடத்தில செத்துக் கிடந்தவரைத் தூக்கேக்க அந்த உடுப்பு வெள்ளையா இல்லை.”

விதானையாரின் கை நீட்டியபடியே நின்றது.

அவள் திரும்பி நடந்தாள். லொறி அவள் பின்னால் மெல்ல மெல்ல வந்தது.