ஐந்தாம் பகுதி

கம்பெனி வக்கீல் எழுந்து ரோய்ஸ்டனின் பெயரைச் சொன்னார்.

ஈப்போ நீதிமன்றத்தின் பின்வரிசையில் தோட்டத்து ஜனங்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு தலையும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பியது.

"கேட்டியா, கம்பெனி லோயரே ஒம் பேரச் சொல்றாருலா!" என்று நவமணி பெரியம்மா அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா. ரத்த சொந்தம் இல்லை. ஆனால் சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் கஞ்சி அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

வக்கீல் மலாயில்தான் ஆரம்பித்தார். சட்ட மாணவர்களே நடத்தும் பல்கலைக்கழக இதழில் போன வருஷம் வந்த கட்டுரை இது என்றார். எழுதியவர் இதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், மூன்று மாதம் வீடு வீடாகப் போய் விசாரித்திருக்கிறார் என்றார். அதுவரை பெரியம்மாவுக்கு நன்றாகவே விளங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு வக்கீல் இதழைப் பிரித்து ஆங்கிலத்துக்கு மாறினார். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ரோய்ஸ்டனுக்குத் தெரியும். அதுதான் வினை.

வழக்கு இதுதான். காம்பாருக்குப் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தை விற்றாகிவிட்டது. வாங்கிய கம்பெனி அங்கே மாடி வீடு கட்டப்போகிறது. தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்தில் இன்னும் குடியிருக்கும் பதினாறு குடும்பங்களும் எழுந்து போக வேண்டும் என்கிறது. நீதிபதியும் போகச் சொல்லிவிட்டால் பெரியம்மாவுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

வேலைக்காகக் கொடுத்த வீடு வேலையோடு முடிந்தது, அங்கே தங்கியது அனுமதியே தவிர உரிமை அல்ல என்று வக்கீல் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அந்த வாக்கியத்தை ரோய்ஸ்டன் நாலைந்து தடவை அடித்துத் திருத்தி மெருகேற்றியிருந்தான். இப்போது கேட்டாலும் நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன வாக்கியம்.

கட்டுரையின் நான்காம் பகுதி அது. எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் பலமாகச் சொல்லிக்காட்ட வேண்டும் என்பது அந்த மாதிரி எழுத்தின் முறை.

வக்கீல் அத்தோடு விடவில்லை. தோட்டத்தை நிர்வாகம் செய்த பழைய துரை இந்த வீடுகளை உயிருள்ளவரை வைத்துக்கொள்ளச் சொன்னதாகக் குடியிருப்பவர்கள் இப்போது மனு கொடுத்திருக்கிறார்கள் என்றார். துரை செத்துப் பல வருஷமாகிறது. இவர்கள் நடுவிலேயே வளர்ந்து, எல்லாரிடமும் பேசியவரின் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆக, வழக்கு வந்த பிறகு கட்டிய கதை இது என்று முடித்தார்.

நீதிபதி பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

ஜனங்களுக்காக வாதாட வந்திருந்த தனேஸ்வரன் நாற்காலியில் திரும்பி ரோய்ஸ்டனைப் பார்த்தார். ரோய்ஸ்டன் தன் சப்பாத்தைப் பார்த்தான். அவமானத்தில் அவன் காதெல்லாம் எரிந்தது. பையன் கூச்சப்படுகிறான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பெரியம்மா அவன் காதோரம் சாய்ந்தார்.

"நான் சொன்னத எப்பய்யா படிப்பாரு? அந்தத் தொர விசயம்?"

சொன்னது அவர்தான். வழக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பு, மூன்று சாயங்காலம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் துரை எல்லார் முன்னாலும் நின்று வாக்குக் கொடுத்ததை, அன்றைக்கு யார் யார் வேலைக்கு வந்திருந்தார்கள் என்பது உட்பட, ஒன்று விடாமல் சொன்னார். அவன் போனில் பதிவு செய்து, அவர் பெயரைப் போட்டு, நான்காம் பகுதிக்கு மறுப்பாக, ஐந்தாம் பகுதியாக எழுதினான்.

அச்சுக்குப் போவதற்கு முதல் நாள், இதழின் ஆசிரியர் ஷஹீராவிடமிருந்து சேதி வந்தது. அவனுக்கு இரண்டு வருஷம் இளையவள். எண்ணூறு சொல் அதிகமாக இருக்கிறது, நாலை வெட்டவா ஐந்தை வெட்டவா, அல்லது அடுத்த இதழில் முழுசாகவே போடலாமா என்று கேட்டிருந்தாள்.

நான்காம் பகுதியை ஆசிரியர் குழுவே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. ஐந்தாம் பகுதி, பால்மரம் வெட்டிப் பால் எடுத்த ஒரு பொம்பளையின் வாய்ப்பேச்சு. அடிக்குறிப்பில் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவனுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதோடு, அச்சில் தன் பெயரைப் பார்க்கும் அவசரம் வேறு.

ஐந்து என்று பதில் போட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இதழ் வந்ததும் பெரியம்மாவுக்கு ஒரு பிரதி கொடுத்தான். அவர் அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

எழுந்து நாலு எட்டு வைத்து, தனேஸ்வரனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியம்மாவின் குரல் தேதியோடு அவன் போனில் இருக்கிறது. ஆனால் கட்டுரையிலிருந்து அதை ஏன் வெட்டினாய் என்று கேட்பார்கள். பெரியம்மாவின் முன்னாலேயே கேட்பார்கள்.

கம்பெனி வக்கீல் இதழை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இனிமேதான் வரும் பெரியம்மா" என்றான் ரோய்ஸ்டன், உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல்.