வரிசையில் முதல் பெயர்

"வரிசையில எங்க அப்பாவுக்குப் பின்னாடி இருந்த வலியுல்லா பாய்க்கு மட்டும் எப்படி மேடம் கிட்னி கிடைச்சுது?"

சேரன் போட்ட சத்தத்தில், மருத்துவமனையின் உறுப்பு தானப் பிரிவில் காத்திருந்த நாலைந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பங்கஜம், "முதல்ல உட்காருங்க சார்" என்றாள்.

அவன் உட்காரவில்லை. அவனுடைய அப்பா பஞ்சாட்சரம்தான் உட்கார்ந்தார். காலையில் அடையாறில் டயாலிசிஸ் முடித்துவிட்டு நேராக வந்தவர். நிற்கத் தெம்பில்லை. பக்கத்துப் படுக்கை வலியுல்லாவைக் காணோமே என்று அவர் அங்கே விசாரித்தபோதுதான், "அவருக்கு கிட்னி கிடைச்சு ஆபரேஷனே ஆயிடுச்சே" என்று நர்ஸ் சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள்.

"ரெண்டரை வருஷமாக் காத்துக்கிட்டிருக்கோம். இவர் உடம்பு இனிமே ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டார். யார் சிபாரிசு பண்ணினாங்க, சொல்லுங்க!"

"சிபாரிசெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ஞாயித்துக்கிழமை காலையில கிட்னி வந்தப்ப உங்க அப்பா பேருதான் முதல்ல இருந்தது. நானே மூணு தடவை கூப்பிட்டேன். ரெண்டு மணி நேரத்துல ஆள் கிடைக்கலேன்னா அடுத்தவங்களுக்குத்தான் போகும்."

சேரன் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "நல்லாப் பாருங்க. அன்னைக்கு முழுக்க கொட்டிவாக்கத்துல வீட்லயேதான் இருந்தேன். உங்ககிட்டேர்ந்து ஒரு மிஸ்டு கால் இருக்கா?"

இல்லைதான்.

சேரனுக்கு எதைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. லிஃப்ட்டில் ஏறினால் மூன்றாவது மாடி வருவதற்குள் நாடு ஏன் உருப்படவில்லை என்று சொல்லி முடித்துவிடுவான். ஆபீசில் அவனைக் கண்டாலே பாதிப் பேர் படிக்கட்டில் போவார்கள். ஆனால் இன்றைக்கு நிஜமாகவே அவனுக்கு வயிறு எரிந்தது.

"பதினாலு வருஷமா சாஃப்ட்வேர்ல இருக்கேன் மேடம். ஒரு தோசை ஆர்டர் பண்ணினா, அது எந்தத் தெருமுனையில நிக்குதுன்னு போன் காட்டுது. உயிர் போற விஷயத்துக்கு உங்களுக்கு ஒரு சிஸ்டம் இல்ல! மிஷின் என்னைக்கும் தப்பு பண்ணாது. நடுவுல ஒருத்தர் உட்கார்ந்து டைப் அடிக்கறாங்க பாருங்க, அங்கதான் எல்லாம் நாசமாப் போகுது. என் நம்பரை கம்ப்யூட்டர்ல ஏத்தினது யாரு?"

மூலையிலிருந்து ஜோதிலட்சுமி எழுந்தாள். மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் வேலை செய்பவள். "நான்தான் சார். ஃபார்ம்ல இருந்ததைத்தான்..."

"ஒரு நம்பரை மாத்தி அடிச்சு எங்க அப்பா உயிருக்கு உலை வெச்சுட்டியே! அந்த ஃபார்மைக் கொண்டா. என் கையால எழுதிக் கொடுத்தது. அதை வெச்சே இன்னைக்கு உன்னை வீட்டுக்கு அனுப்பறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

"வுடு நைனா" என்றார் பஞ்சாட்சரம். "அந்தப் பொண்ணு இன்னா பண்ணும், பாவம்? பாய் நல்ல மனுசன். அவருக்காவது கெடைச்சுதேன்னு கீது எனக்கு. அன்னிக்கே என் நம்பரையும் குடுன்னேன். நீதான் கேக்கல."

"உன் போன்ல என்னைக்குப்பா சார்ஜ் இருந்திருக்கு?"

பங்கஜம் பெரியவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, போனை யாரும் எடுக்கலேன்னு நான் சொல்லலை. மூணாவது தடவை ஒரு அம்மா எடுத்தாங்க. நான் மருத்துவமனைன்னு சொல்றதுக்குள்ளயே பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. 'நாலு வருஷமா எவனோ ஒருத்தன் போற கடையிலெல்லாம் என் நம்பரைக் கொடுத்துட்டுப் போறான். பாண்டி பஜார்ல அவன் சட்டை எடுத்தா எனக்கு மெசேஜ் வருது. பெசன்ட் நகர்ல அவன் பீட்சா தின்னா, நல்லா இருந்துச்சான்னு என்னைக் கேக்கறாங்க. இனிமே ஒருத்தர் கூப்பிட்டாலும் போலீசுக்குப் போவேன்'னு கத்திட்டு என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க."

பஞ்சாட்சரத்துக்கு அத்தனை நேரம் வராத கோபம் அப்போது வந்தது. "எந்தக் கஸ்மாலம்மா அது? சொந்த நம்பரைக் குடுக்க இன்னா கேடு அவனுக்கு? அந்தம்மா கடுப்புல வெச்சுட்டாங்க, என் உசுரு போவுது. அவன் நல்லா இருப்பானா?"

சேரன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"வாப்பா, போகலாம்" என்றான்.

"இன்னா நைனா, ஃபார்ம் வரட்டுமே."

"வேணாம்ப்பா. ஆனது ஆயிடுச்சு. இனிமே பார்த்து என்ன ஆகப் போகுது? மேடம், அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்ல வேணாம். வாப்பா, எழுந்திரு."

"நீங்க பார்த்துட்டுத்தான் சார் போகணும்." ஜோதிலட்சுமி வந்துவிட்டாள். அவள் விடுவதாக இல்லை. ஃபார்மைச் சேரனிடம் கொடுக்காமல், நேராகப் பெரியவர் மடியில் வைத்தாள். "நான் தப்பா அடிச்சேனான்னு நீங்களே சொல்லுங்க ஐயா. என் பொழப்பு இது."

மகன் நம்பர் பஞ்சாட்சரத்துக்கு மனப்பாடம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனார்.

மகனின் முத்து முத்தான கையெழுத்தில் எட்டு எண்கள் சரியாக இருந்தன. கடைசி இரண்டு மட்டும், எந்தக் கடை கவுன்ட்டரில் நம்பர் கேட்டாலும் அவன் மாற்றிச் சொல்லிப் பழகியிருந்ததைப் போலவே, இடம் மாறி இருந்தன.