நெட்டையன்

அவளுடைய அடுக்கில் எல்லாச் செடிகளும் குள்ளம். ஒன்றே ஒன்று மட்டும் நெட்டை.

வளர்ப்பு அறையின் விளக்குகளுக்குக் கீழே நின்று, அந்த நெட்டையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு செடியிலும் வெவ்வேறு மரபணு ஒன்றின் நடுவே அந்நிய டி.என்.ஏ. துண்டு ஒன்றைச் செருகி, அதை வேலை செய்யவிடாமல் ஆக்கியிருந்தார்கள். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எந்த அறையில் விளக்கு அணைகிறது என்று பார்ப்பதுபோலத்தான். செடியில் எது கெடுகிறதோ, அதுதான் அந்த மரபணு பார்த்துவந்த வேலை.

அதற்காக எல்லாமா ஒரே மாதிரி கெடும்?

பக்கத்து அடுக்கிலும் அதே விதைகள், அதே மண், அதே தண்ணீர். அங்கே எல்லாமே நெடுநெடுவென்று நின்றன. அங்கே கொண்டுபோய் வைத்தால் நெட்டையன் கூட்டத்தோடு கூட்டம்.

மாலைக்குள் காரணம் தெரியாவிட்டால் அத்தனையையும் குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டார் பேராசிரியர். வருடக்கணக்கான உழைப்பு. அதைவிட, ஏன் என்று தெரியாததுதான் மண்டையைக் குடைந்தது.

பக்கத்து அடுக்குக்காரி சிரித்தாள்.

"ஏன்க்கா, தினமும் வந்ததும் ஒவ்வொண்ணா தடவிக் குடுக்குறீங்களே, அதுங்களுக்குக் கூச்சமா இருக்காதா?"

அவள் தன் கையைப் பார்த்தாள். அது அப்போதும் ஒரு குள்ளனின் இலைமேல்தான் இருந்தது.

தொட்டுக்கொண்டே இருந்தால் இந்தச் செடி வளர்த்தியைக் குறைத்துக்கொள்ளும். படித்த பாடம்தான். தன் கை இப்படி அலைவதுதான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

அப்படியானால் நெட்டையன்?

அவனையும்தான் தடவியிருக்கிறாள். சொல்லப்போனால் அவனைத்தான் அதிகம். அவனுக்கு அது தெரியவே இல்லை. தொடுவதை உணர்கிற மரபணு அவனிடம் கெட்டுப்போயிருக்க வேண்டும்!

சின்னப் பிள்ளைபோலக் குதித்தாள். விஷயத்தைக் கேட்ட பேராசிரியர் குப்பைப் பேச்சையே எடுக்கவில்லை.

கை ஏன் அப்படி அலைந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் மகன் மேசையில் குனிந்து படித்துக்கொண்டிருந்தான். இந்த வருடம்தான் அவளைவிட உயர்ந்திருந்தான். தலையைக் கோதினால் நிமிராமலே கையைத் தட்டிவிடுவான்.

அந்தக் கை சொல்வது இவனுக்கும் தெரிவதில்லை போலிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு வலித்தது. கைகளைக் கட்டிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள்.

சமையலறை வாசலைக்கூட எட்டியிருக்கமாட்டாள்.

"என்னம்மா, இன்னைக்குத் தலையில கை வைக்காமப் போற... எம்மேல கோவமா?"