கேப்டனின் உதட்டுச் சாயம்

"துடை அதை! இல்லேன்னா பெஞ்சுல உக்காரு."

உடை மாற்றும் அறையே கப்சிப் ஆனது. இன்னும் சற்று நேரத்தில் பெண்கள் வாலிபால் லீக்கின் இறுதிப் போட்டி. வெளியே கூட்டம் போட்ட கூச்சலில் கதவு அதிர்ந்துகொண்டிருந்தது.

கோச் மேடம் டிஷ்யூ பேப்பரை நீட்டியபடி நின்றார். எதிரே கேப்டன். அவள் உதட்டில் ரத்தச் சிவப்பில் லிப்ஸ்டிக். கேலரியின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரியும்.

"உதடு என்னோடது மேடம். சாயம் பூசினா பந்து வலையைத் தாண்டாதா?"

"கிளப் விதி. ஒரே சட்டை, ஒரே கொண்டை, மூஞ்சியில ஒண்ணும் கூடாது. சீசன் முழுக்கப் பொறுத்துப் போனேன். இன்னைக்கு டி.வி.யில ஊரே பார்க்குது. இது ஆடுகளம், போட்டோ ஸ்டூடியோ இல்ல."

"இன்னைக்கு ஒருநாள் மட்டும் மேடம்..."

"மினுக்கணும்னா சினிமாவுக்குப் போ!"

கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூலையில் முழங்கால் பட்டையை மாட்டிக்கொண்டிருந்த கொக்கைப் பார்த்தாள். டிஷ்யூவை வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

கொக்கு என்பது பட்டப்பெயர். அந்த சீசனில் புதிதாகச் சேர்ந்த நெட்டைப் பெண். கேப்டன் தூக்கிக் கொடுக்கும் பந்தை எகிறி அடிப்பது அவள் வேலை. அடித்தால் எதிரணி கையை வைக்க முடியாது. ஆனால் கூப்பிட்டால் பாதி நேரம் திரும்பமாட்டாள். சரியான திமிர் என்று கோச் மேடம் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. விசிலும் கைதட்டலும் கூரையைப் பிய்த்தன.

முதல் செட் போனது. கேப்டன் திரும்பித் திரும்பி, பந்தை எங்கே தூக்கப்போகிறேன் என்று சொன்னாள். கொக்கோ இந்தப் பக்கம் வரும் பந்துக்கு அந்தப் பக்கம் குதித்தாள்.

இரண்டாவது செட்டும் போனது.

"கொக்கு! ஏய், கொக்கு!" கோச் மேடம் தொண்டை கிழியக் கத்தினார். அவள் திரும்பவே இல்லை. "பந்தைப் பாருன்னா கேப்டன் மூஞ்சியையே முறைச்சுப் பார்த்துட்டு நிக்கிறா!"

இன்னும் ஒரு செட் தோற்றால் கோப்பை கைநழுவிவிடும்.

இடைவேளையில் கேப்டன் தன் பையை நோக்கி ஓடினாள். திரும்பி வந்தபோது உதடு முன்னைவிடச் சிவப்பு!

"என்ன தைரியம் உனக்கு?"

"இந்த ஒரு செட்டைப் பாருங்க மேடம். அப்புறம் பெஞ்சுல போடுங்க, டீமை விட்டே தூக்குங்க."

கேப்டனை மாற்றச் சொல்லி கோச் மேடம் கையை உயர்த்தினார். அதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார்.

கேப்டன் திரும்பினாள். சிவந்த உதடுகள் அசைந்தன. பந்து மேலே போனது. கொக்கு எகிறினாள்.

தடால்!

எதிரணிப் பெண் நின்ற இடத்திலேயே நின்றாள். கோச் மேடத்தின் கை தானாக இறங்கியது.

தடால்! தடால்! மூன்றாவது செட் கைக்கு வந்தது. நான்காவதும் வந்தது. ஐந்தாவதில் இரு அணியும் சரிக்குச் சரியாக இழுபறி. கோச் மேடம் டென்ஷனில் கையிலிருந்த தொப்பியைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். கடைசிப் பந்தை கொக்கு அடித்த அடியில் அரங்கமே எழுந்து நின்றது.

ஜெயித்தாயிற்று!

எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கோச் மேடம் கொக்கின் முதுகுக்குப் பின்னால் ஓடிவந்தார்.

"கொக்கு! சிறந்த ஆட்டக்காரி பரிசு உனக்குத்தான்! மேடைக்குக் கூப்பிடறாங்க!"

அவள் பாட்டுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

கேப்டன் அவள் முன்னால் வந்து அதையே சொன்னாள். "ஐயோ, எனக்கா அக்கா?" என்று பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு மேடைக்குப் பறந்தாள் கொக்கு.

கோச் மேடம் அப்படியே நின்றுவிட்டார்.

"அவளுக்குக் காது..."

"கூட்டம் கத்தினா சுத்தமா கேக்காது மேடம்." கேப்டனின் குரல் இறங்கியது. "உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கறா. சாயம் இருந்தா தூரத்திலேர்ந்தே தெரியுது. வெளியே தெரிஞ்சா கிளப் கழட்டி விட்டுடும்னு பயப்படறா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்போ நீ மினுக்கறதுக்காகப் பூசல?"

"அதுக்கும்தான் மேடம். எனக்குச் சிவப்பு ரொம்பப் பிடிக்கும்."

கோச் மேடம் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். "எடு அந்த லிப்ஸ்டிக்கை."

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டு கொடுத்தாள். அதைப் பையில் போட்டுக்கொண்டு மேடம் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

கொக்கின் கதை முடிந்தது என்றே கேப்டன் நினைத்தாள்.

அடுத்து நிருபர் கூட்டம். கேப்டனும் கொக்கும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். கேமராக்கள் முண்டியடித்தன. ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"கேப்டன் விதியை மீறினாங்களே, என்ன நடவடிக்கை?"

"டீம்ல ஒழுங்கு என்ன ஆச்சு?"

கதவு திறந்தது. கோச் மேடம் உள்ளே வந்தார். சலசலப்பு ஒரு நொடி நின்று, இரண்டு மடங்காகக் கிளம்பியது.

மேடத்தின் உதட்டில் ரத்தச் சிவப்பில் லிப்ஸ்டிக். பழக்கமில்லாத கை பூசியதில் ஓரமெல்லாம் ஈஷியிருந்தது.

"மேடம், நீங்களுமா?"

"ஏன், எனக்கு ஆசை இருக்கக் கூடாதா? கிளப்புல அந்த விதியைப் போட்டதே நான்தான். இப்போ எடுத்துட்டேன்."

மறுபடி கூச்சல். மேடம் அதைக் காதில் வாங்காமல் ஓரத்தில் இருந்த கொக்கைப் பார்த்தார். சத்தமே வராமல், நிதானமாக உதட்டை மட்டும் அசைத்தார்: 'அடுத்த சீசனும் நீ இங்கேதான்.'

"சரி மேடம்!"

கொக்கு கத்திய கத்தலில் நிருபர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளிடம்தான் யாரும் எதுவும் சொல்லவே இல்லையே!