மேயர் பேசினால் இருட்டு

மாநகராட்சிக் கூட்டத்தில் மேயர் மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேசப் பேச, உறுப்பினர்களின் தலைக்கு மேலிருந்த புது விளக்குகள் மறுபடியும் அணைந்தன.

“ஏம்மா, என் மானத்தை வாங்கவே இந்த விளக்கை மாட்டினீங்களா?” என்று அவர் மேசையில் ஓங்கித் தட்டியதும் எரிந்தன.

அவற்றை மாட்டிய பொறியாளருக்கு அழுகையே வந்தது. நகரம் முழுக்க இந்த விளக்குகளைக் கொண்டுவர அவள் நாயாய் அலைந்திருந்தாள்.

“கோளாறு ஒண்ணுமில்லைங்க ஐயா. நானே ஏணி போட்டுப் பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் நான் பேசினா மட்டும் அணையுது?”

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “கீழே ஆள் அசைஞ்சாத்தான் இது எரியும். நீங்க பேச ஆரம்பிச்சா எல்லாரும் தூங்கிடறாங்க!”

விளக்குகளைக் கழற்றும் தீர்மானம் உடனே வந்தது. அத்தனை உறுப்பினர்களும் விறுவிறுவென்று கை தூக்கினார்கள்.

அன்று கூட்டம் முடியும்வரை விளக்குகள் அணையவே இல்லை.