செவலையின் தோல்முட்டை

இருட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வராத செவலைக் கோழி இட்டதெல்லாம் தோல்முட்டை. அடைகாக்க உட்கார்ந்தாலே உடைந்துவிடும்.

கொக்கு வைத்தியர் அலகால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். "வைட்டமின் டி ரொம்பக் குறைவும்மா. அப்புறம் ஓடு எப்படிக் கெட்டியாகும்? வெயிலில் மேய். வாரம் ஒரு சொட்டு இந்த மருந்தைக் குடி."

"முழுப் புட்டியும் குடித்தால் சீக்கிரமே குஞ்சு பார்க்கலாமே!" என்று செவலை மடமடவென்று குடித்துவிட்டது.

இரை பிடிக்கவில்லை, தாகம் அடங்கவில்லை, கால்கள் துவண்டன. பக்கத்துக் கொட்டகை வாத்து பதறிப்போய் வைத்தியரை அழைத்துவந்தது. அவர் மறுபடி ரத்தம் பார்த்தார்.

"இப்போது எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. மருந்தை நிறுத்து, தண்ணீர் நிறையக் குடி."

"எனக்கு இனிக் குஞ்சே கிடையாதா, ஐயா?" செவலை அழுதது.

"கிடைக்கும். முதலில் அளவு இறங்கட்டும்."

அளவு மெல்ல இறங்கிச் சரியானது. அதன்பின் செவலை தினமும் இளவெயிலில் மேய்ந்தது. வைத்தியர் சொன்ன சொட்டுக்கு மேல் தொடவில்லை. அடுத்து இட்ட முட்டை கெட்டியாக இருந்தது. ஆசையாக அடைகாத்தது.

ஒரு காலையில் முட்டைக்குள்ளே 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது.

"பாவம், திணறுதே! நான் உடைத்துவிடட்டுமா?" என்றது வாத்து.

"வேண்டாம் அக்கா," என்றது செவலை. "அதுவே வரட்டும்."