வெர்னா கதவைத் திறக்கவில்லை

இருபது வருஷமாகிவிட்டது. அந்தக் கிழவர் போட்டிருந்தது ஆரஞ்சுத் தொப்பியா, பச்சையா என்று என்னால் இப்போது சத்தியம் செய்ய முடியாது. பாதி நான் கண்டது, பாதி ரோசலி பிற்பாடு சொன்னது. எது எதென்று பிரிக்க முடியாமல் இரண்டும் எனக்குள் கலந்து கிடக்கின்றன.

அப்போது லாஃப்லினில், ஆற்றோரத்துச் சூதாட்ட ஹோட்டல் ஒன்றின் வரவேற்பில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தேன். அரிசோனாவிலிருந்து பஸ் பஸ்ஸாக ஓய்வு பெற்றவர்கள் வந்து இறங்குவார்கள். வெர்னா லிண்ட்குவிஸ்ட்டும் அவள் நாத்தனார் ரோசலியும் மாதம் ஒருமுறை.

வெர்னா பதினோரு வருஷமாக வீடியோ போக்கர் ஆடினாள். வேண்டுதல் ஒன்றே ஒன்று: ராயல். ஒரே ஜாதியில் பத்திலிருந்து ஏஸ் வரை ஐந்து சீட்டும் சேர்ந்து விழுந்தால் டாலர் மெஷினில் நாலாயிரம் கிடைக்கும். அவள் வீட்டுக் கூரை ஏசி இரண்டு கோடையாகச் செத்துக் கிடந்தது. அந்த ஊர் வெயிலில் அது விளையாட்டுக் காரியமில்லை.

போக்கருக்கு அடுத்தபடியாக அவள் நம்பியது ஹோட்டல் பாதுகாப்பு. அறை ஆறாவது மாடிக்கு மேலே கூடாது. தீயணைப்பு ஏணி எட்டாது. அறை எண்ணைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. கைப்பையில் எப்போதும், கதவுக்கடியில் செருகுவதற்கு ஒரு ரப்பர் கட்டை.

அன்று மதியம் எல்லாரையும் போல நாற்காலியை மெஷின்மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். சாய்த்த நாற்காலியில் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். திரும்பி வந்து, நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தால் திரையில் அறுபது டாலர் இருந்தது. நாற்பது என்றல்லவா நினைத்திருந்தாள்? கூடுதலாக இருக்கும் கணக்கை யார் விசாரிப்பார்கள்!

மூன்றாவது ஆட்டத்தில் விழுந்தது ராயல். ஐந்தும் ஹார்ட்டின்.

மணி அலறியது. எங்கோ சில்லறை மெஷினில் இருந்த ரோசலி, பாதி கடித்த சாண்ட்விச்சோடு ஓடிவந்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஹோட்டல் பெண் வந்து வரிப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, நாற்பது நூறு டாலர் நோட்டுகளை எண்ணி வைத்தாள்.

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். தூணோரம் ஒரு கிழவர். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிழிந்துகொண்டு, பணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியே, திரும்பாதே. ஒருத்தன் நோட்டம் விடறான்."

"உன்னையா அண்ணி? பரவாயில்லையே!"

"வாயை மூடிக்கிட்டு நட."

லிஃப்டில் அவரும் ஏறினார். தான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. வெர்னா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்; சிரிப்பும் வந்தது. ஐந்தில் இருக்கும் அறைக்கு எட்டை அழுத்தினாள். எட்டில் இறங்கியதும் ரோசலியைப் படிக்கட்டுக்கு இழுத்தாள்.

"அண்ணி, என் முட்டி!"

"முட்டி முக்கியமா, உசுரு முக்கியமா?"

"முட்டிதான்! அது ஏற்கெனவே போயிட்டிருக்கு!"

இருவரும் சிரித்துக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே இறங்கினார்கள். மேலே இன்னொரு ஜோடிச் செருப்பும் இறங்கியது.

அறைக்குள் புகுந்து தாழ், சங்கிலி, ரப்பர் கட்டை, அதன்மேல் நாற்காலி, நாற்காலிமேல் பெட்டி. பெட்டிமேல் ரோசலியையே உட்கார வைத்தாள் வெர்னா.

தட்டும் சத்தம்.

"அம்மா, கொஞ்சம் கதவைத் தெறங்க. அந்தப் பணத்தப் பத்திப் பேசணும்."

"பாத்தியா! பணம்ங்கறான்!"

"குரலக் கேட்டா பாவமா இருக்கு அண்ணி. என்னன்னுதான் கேப்போமே."

"நல்லாக் கேளு. கழுத்துல கத்திய வெச்சுப் பதில் சொல்லுவான்."

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேம்மா. செக்யூரிட்டிய மட்டும் கூப்பிட்டுடாதீங்க. அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம்."

வெர்னா ஃபோனை எடுத்தாள். இந்தப் பக்கம் நான்.

"வாசல்ல ஒரு திருடன் நிக்கிறான், மிரட்டறான்! சீக்கிரம்!"

செக்யூரிட்டி ரூபனும் இன்னொருவனும் ஓடினார்கள். கிழவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பெயர் டெல்பர்ட் யோகம், வயது எழுபத்தொன்று, அவருக்கும் அதே ஹோட்டலில்தான் அறை. கேட்டதற்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொன்னார்: "அந்தம்மாகிட்ட தனியாப் பேசிக்கறேன்."

"விலங்கு மாட்டுங்க அவனுக்கு!" என்றாள் வெர்னா, கதவுத் துவாரம் வழியாக. "தனியாப் பேசணுமாம்! கேமராவப் போட்டுப் பாருங்க, மத்தியானத்துலேர்ந்து என்ன பண்ணான்னு தெரியும்!"

ரூபன் அவள் சொன்ன இரண்டையும் செய்தான். விலங்கை மாட்டினான். கேமராவைப் போட்டுப் பார்த்தான்.

கழிப்பறையிலிருந்து வந்த வெர்னா ஒரு வரிசை தள்ளிப் போய், டெல்பர்ட் சாய்த்து வைத்துவிட்டுப் போன நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, அவர் பணத்தில் ஆடியிருந்தாள். நாலாயிரமும் டெல்பர்ட்டுக்குப் போனது. வெர்னாவை இனி உள்ளே விடக் கூடாது என்று ஹோட்டல் எழுதி வைத்தது. ரோசலி இப்போதும் மாதம் ஒருமுறை தனியாக வந்து போகிறாளாம். நான் அடுத்த வருஷம் வேலையை விட்டேன்.

தெரியாமல் நடந்தது, ஹோட்டல் காதுக்குப் போகாமல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் டெல்பர்ட் மூன்று மாடி இறங்கி வந்திருந்தார். விலங்கு மாட்டிய பிறகு அந்த எண்ணம் அவருக்கு இல்லை.